அந்த மெசேஜை அனுப்பியவன் நான்தான்

பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். சுகர் உள்ளவர்களும், வீட்டில் ஒரு சுகர்காரரை வைத்திருப்பவர்களும் (நம் ஊரில் அது அநேகமாக எல்லோரும்தான்) கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. குரல் கொடுத்ததும்தான் தெரிந்தது. பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது கொத்தனார். வயது 47. என் வீட்டு மாடிப்படியைக் கட்டியவனும் அவன்தான். வலது காலில் பெரிய கட்டு. கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை.

"என்னடா ஆச்சு?"

"சுகர் சார். சென்ட்ரிங் பலகையில இருந்த ஆணி குத்தியிருக்கு. குத்துனதே தெரியல சார். மூணு நாள் கழிச்சு என் வீட்டுலதான் நாத்தம் அடிக்குதுன்னு சொன்னுச்சு. பெரியாஸ்பத்திரியில எடுத்துட்டாங்க."

"மாத்திரை போடலையா?"

"நிறுத்தி ஏழு மாசம் ஆச்சு சார்."

"எவன்டா நிறுத்தச் சொன்னான்?"

அவன் தரையைப் பார்த்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தபோது பார்த்த அதே பார்வை. பிறகு மெதுவாகச் சொன்னான். "நீங்கதான சார் குரூப்புல அனுப்புனீங்க."

அவன் போன பிறகு போனை எடுத்துத் தேடினேன். எங்கள் பள்ளிப் பழைய மாணவர் குரூப். இருந்தது. போன வருஷம் பொங்கல் சமயத்தில் நான் அனுப்பியது. 'சர்க்கரை ஒரு நோயே அல்ல, மருந்துக் கம்பெனிகளின் சதி' என்று ஆரம்பித்து, 'உணவே மருந்து, இன்றே மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்' என்று முடிகிறது. நடுவில் ஒரு பொடியின் பெயரும் போன் நம்பரும். கீழே 43 பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள். 'நன்றி சார்', 'பயனுள்ள தகவல் சார்' என்று பத்துப் பன்னிரண்டு பதில்கள். அதில் ஒன்று அவனுடையது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மெசேஜை நான் முழுசாகப் படிக்கவில்லை. முதல் நாலு வரி படித்தேன், நம் பாரம்பரியத்தைப் பற்றி ஏதோ நல்லதாக இருந்தது, தட்டிவிட்டேன். அன்றைக்குக் காலையிலும் இரவிலும் என் மெட்ஃபார்மின் மாத்திரையை நான் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதினோரு வருஷமாக ஒரு வேளை தவறவிட்டதில்லை. எனக்கு மாத்திரை, மாணவனுக்கு மெசேஜ்.

அந்தக் கடன்தான் இந்தப் பதிவு.

இனி அந்த மெசேஜுக்கு வருகிறேன். முழுப் பொய்யாக இருந்தால் அவனே சிரித்திருப்பான். அதில் கொஞ்சம் உண்மை கலந்திருந்தது. அதனால்தான் அது ஓடுகிறது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'முன்பெல்லாம் அளவு 140 இருந்தது, கம்பெனிக்காரர்கள் 126 ஆக்கி எல்லோரையும் நோயாளி ஆக்கிவிட்டார்கள்' என்கிறது மெசேஜ். வெறும் வயிற்று அளவை 140-இலிருந்து 126-க்குக் குறைத்தது நடந்த விஷயம்தான். 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிபுணர் குழு குறைத்தது. ஏன் குறைத்தார்கள் என்பதைத்தான் மெசேஜ் விழுங்கிவிட்டது. கண்ணின் விழித்திரையில் பாதிப்பு எந்த அளவிலிருந்து கூடத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். 140 வரை காத்திருந்தால் பலருக்குக் கண்டுபிடிப்பதற்கு முன்பே சேதம் ஆரம்பித்துவிடுகிறது என்று தெரிந்தது. சரி, சதி என்றே வைத்துக்கொள்வோம். என் மாணவனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சுகர் 412. அது 126-க்கும் மேலே, 140-க்கும் மேலே. எந்தச் சதிகாரன் கோட்டை எங்கே நகர்த்தினாலும் 412 எந்தப் பக்கம் இருக்கும் என்று கணக்குப் படித்த எவருக்கும் தெரியும்.

'மாத்திரை எல்லாம் ரசாயனம், எங்கள் பொடி இயற்கை.' மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான் ஐயா. கலேகா என்று ஐரோப்பாவில் வளரும் ஒரு செடி. அதில் இருந்த பொருளைப் பார்த்து, அதன் நஞ்சைக் குறைத்து, சோதித்து, கடைசியில் 1957-இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மனிதர்களுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். செடியிலிருந்து மருந்து எடுப்பது ஒன்றும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. எவ்வளவு கொடுக்க வேண்டும், கொடுத்தால் சிறுநீரகம் என்ன ஆகும், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று அளந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. பொடி டப்பாவின் பின்புறம் படித்துப் பாருங்கள். அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா?

கம்பெனி லாபம் என்கிறார்களே, அந்தக் கணக்கையும் போடுவோம். மெட்ஃபார்மின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என் மாணவன் வாங்கிய பொடி, மாதத்துக்கு ஒரு டப்பா, டப்பா 1,800 ரூபாய். ஏழு மாதம். பெருக்கிப் பாருங்கள், 12,600 ரூபாய். ஒரு கொத்தனாருக்கு அது எத்தனை நாள் கூலி? இதில் லாபக்காரன் யார்?

இன்னொன்று. சர்க்கரை நோயைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வதே இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். 1954-இல் போட்ட சட்டம். மாயாஜால மருந்து விளம்பரங்களைத் தடுப்பதற்கென்றே போட்டது. அதன் பட்டியலில் 54 நோய்கள் இருக்கின்றன, அதில் நீரிழிவு உண்டு. எழுபது வருஷமாகச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. விளம்பரம் தெருவில், டிவியில், போனில் இருக்கிறது. அதில் ஒன்றை நானும் காசு வாங்காமல் ஒட்டியிருக்கிறேன்.

'உணவே மருந்து' என்பதற்கு வருகிறேன். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டால் நம்மவர்களுக்கு மறுபேச்சு கிடையாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

உணவை மட்டுமே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? வேறு வழியே இல்லாத காலம். 1921-க்கு முன்னால். அமெரிக்காவில் ஃபிரடெரிக் ஆலன் என்ற மருத்துவர் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, ஏறக்குறைய பட்டினி போட்டு வைத்திருந்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அப்படிச் செய்தால் சில மாதங்களோ, ஒன்றிரண்டு வருஷமோ கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். எலிசபெத் ஹியூஸ் என்ற பெண். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள், பணத்துக்குக் குறைவில்லை. மூன்று வருஷம் அந்தப் பட்டினிச் சாப்பாட்டில் இருந்து, 15 வயதை எட்டும் நேரத்தில் அவள் எடை சுமார் 20 கிலோ. நம் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எடை. 1922 ஆகஸ்டில் டொரொண்டோவுக்குக் கொண்டுபோய் இன்சுலின் போட்டார்கள். அந்த வருஷம் ஜனவரியில்தான் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு உலகத்திலேயே முதல்முறையாக இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். எலிசபெத் அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, 1981 வரை, 73 வயது வரை வாழ்ந்தாள்.

டைப் 1 என்று சொல்லப்படும் வகை அது. உடம்பு இன்சுலினைச் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். குழந்தைகளுக்கு அதிகம் வரும். அந்தக் குழந்தைக்கு ஊசியை நிறுத்தி வெந்தயத் தண்ணீர் கொடுத்தால் சில நாட்களில் ரத்தம் அமிலமாகி உயிர் போகும். நான் அனுப்பிய மெசேஜில் டைப் 1, டைப் 2 என்று எந்தப் பேதமும் இல்லை. 'எல்லோரும் தூக்கி எறியுங்கள்.' அந்தக் குரூப்பில் அப்படி ஒரு பிள்ளையின் தகப்பன் இருந்திருந்தால்? இருக்கிறானோ என்னவோ. இதை நினைத்து இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது மறுபக்கம். ஏனென்றால் என்னை மருந்துக் கம்பெனி ஆள் என்று எப்படியும் இரண்டு பேர் கமெண்டில் எழுதுவார்கள்.

சாப்பாட்டாலும் நடையாலும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியும். இதை நான் சந்தேகமே இல்லாமல் நம்புகிறேன். நம்பிக்கை மட்டும் இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் நம் சென்னையில். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வு, 2006-இல் வெளியானது. சர்க்கரை வரும் விளிம்பில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்து மூன்று வருஷம் பின்தொடர்ந்தார்கள். வழக்கம்போல் விட்டுவைத்த குழுவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்ட குழுவில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு, 40 பேர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் லாபம் எதுவும் கிடைக்கவில்லை.

கணக்கு வாத்தியாராக இந்த எண்களை நான் இப்படிப் படிக்கிறேன். நூறு பேரில் பதினாறு பேர் தப்பித்தார்கள். அது பெரிய விஷயம். ஒரு வகுப்பறையில் பதினாறு பிள்ளைகள் ஃபெயிலாகாமல் தப்பித்தால் தலைமையாசிரியர் மாலை போடுவார். ஆனால் 39 பேருக்கு, சொன்னபடி நடந்தும், வந்துவிட்டது. அவர்களைப் பார்த்து 'நீ வாயைக் கட்டவில்லை' என்று சொல்ல எவனுக்கு உரிமை இருக்கிறது?

பிரிட்டனில் இன்னொரு ஆய்வு, டைரக்ட் என்று பெயர், 2017-இல் வந்தது. ஏற்கெனவே சர்க்கரை வந்தவர்கள், வந்து ஆறு வருஷத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், உடம்பு பருத்தவர்கள். அவர்களுக்கு நாளைக்கு சுமார் 850 கலோரி மட்டும், மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 100-க்கு 46 பேர் மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். இரண்டாம் வருஷம் அது 36. பொடி விற்பவர்கள் இந்த ஆய்வைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். 'பாருங்கள், வெள்ளைக்காரனே சொல்லிவிட்டான்.' ஆனால் அந்த ஆய்வில் பொடி எங்கே இருந்தது? ஒவ்வொரு படியிலும் மருத்துவக் கண்காணிப்பு இருந்தது. பதினைந்து கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களுக்குத்தான் பலன் மிக அதிகம். எடை திரும்பி வந்தவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பி வந்தது. நம் கொத்தனார் ஏற்கெனவே ஒல்லிக்குச்சி. அவன் பதினைந்து கிலோவை எங்கே போய்க் குறைப்பான்?

ஆக, சாப்பாடு முக்கியம். ஆனால் நம்மூரில் 'சுகருக்குச் சாப்பாடு' என்ற பெயரில் நடப்பது என்ன? சர்க்கரையின் நிறத்தை மாற்றுகிறோம். அவ்வளவுதான்.

வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரை. அதை விட்டுக் கருப்பட்டி. அதையும் விட்டுத் தேன். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் இருக்கலாம், மணம் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். ரத்தத்துக்கு நிறம் தெரியாது. கல்யாண வீட்டில் 'சார், இது கருப்பட்டியில செஞ்சது, சுகர்காரங்க சாப்பிடலாம்' என்று இலையில் வைக்கிறார்கள். வேண்டாம் என்றால் கோபம். இந்த உபசரிப்பைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம், இப்போது வேண்டாம்.

அடுத்து சிறுதானியம். நான் எதிரி இல்லை. வரகிலும் தினையிலும் நார் அதிகம், புரதமும் வெள்ளை அரிசியை விடக் கூடுதல், நல்லதுதான். ஆனால் நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், கேழ்வரகில் சுமார் 72, கம்பில் 67, வரகில் 66, தினையில் 61. வித்தியாசம் இருக்கிறது, பூஜ்ஜியம் ஆகிவிடவில்லை. அரிசியில் மூன்று தோசை தின்றவர் 'மில்லட் தானே' என்று ஆறு தோசை தின்றால் என்ன ஆகும் என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். என் சம்பந்தி அப்படித்தான் தின்கிறார். மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதே பதில்தான். எங்கள் மண்ணின் நெல், பெருமைதான், தவிடு நீக்காமல் சாப்பிட்டால் நல்லதுதான். அளவு என்று ஒன்று இருக்கிறது.

அந்த அளவை நானே எனக்கு எடுத்துப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு மூன்று மாதச் சராசரி, அந்த ஹெச்பிஏ1சி என்கிறார்களே, அது 8.9. டாக்டர் 'அரிசியைக் குறைங்க' என்றார். அவர் அறைக்கு வெளியே நாற்பது பேர், பாவம், அவருக்கு அதற்கு மேல் சொல்ல நேரம் இல்லை. கையில் ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய். மன்னார்குடிச் சந்தையில் புரோக்கோலியை நான் எங்கே தேடுவேன்? அந்தத் தாளை எழுதியவர் காவிரியையே பார்த்திருக்க மாட்டார்.

'நான் அதிகம் சாப்பிடுவதில்லையே, காபிக்குக்கூடச் சர்க்கரை போடுவதில்லையே' என்று வீட்டில் சண்டை போட்டேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பேரன் கேக் செய்வதற்கு வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசை எடுத்துவந்து தட்டுக்குக் கீழே வைத்தாள். "போடுறத எல்லாம் இதுல வெச்சுட்டுப் போடுங்க" என்றாள். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, 150 கிராம். ரசத்துக்கு ஒரு தடவை, 140. மோருக்கு ஒரு தடவை, 160. கூட்டினால் 450 கிராம் சோறு. வெந்த சோற்றில் நூற்றுக்கு சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 126 கிராம் வருகிறது. அந்த மாவு குடலில் உடைந்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. ஒரு ஸ்பூன் ஐந்து கிராம் என்றால் 25 ஸ்பூன். மத்தியானம் மட்டும்.

காபியில் நான் விட்டுக்கொடுத்த தியாகம் இரண்டு ஸ்பூன்!

34 வருஷம் சதவீதக் கணக்கு நடத்தினவன் நான். என் தட்டுக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததே இல்லை.

எங்கள் டெல்டாவில் சாப்பாடு என்றால் சோறுதான். 'சோறு தின்னாச்சா?' என்றுதான் கேட்போம். குழம்பும் கறியும் சோற்றை இறக்குவதற்கான துணை. இதைத் திருப்பிப் போடாமல் சர்க்கரைக்குச் சாப்பாடு இல்லை. பொரியலும் கூட்டும் பருப்பும் தட்டு நிறைய, சோறு ஓரமாக. நான் இப்போது ரசத்துக்கு மட்டும் சோறு, 150 கிராம். சாம்பாரை, காயும் பருப்புமாக, கிண்ணத்தில் ஊற்றித் தனியாகவே சாப்பிடுகிறேன். மோரைக் குடித்துவிடுகிறேன். முதல் பத்து நாள் பைத்தியம் பிடிக்காத குறை. சாப்பிட்ட மாதிரியே இருக்காது. மூன்றாவது வாரத்தில் பழகிவிட்டது.

இதற்கு ஓட்ஸ் வேண்டாம். கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் சாமையும் கட்டாயம் இல்லை. எங்கள் பக்கம் சம்பா அறுவடையை ஒட்டி அந்த ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிறோம். விளைந்ததை மூட்டை கட்டி விற்றுவிட்டு, நாம் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. முருங்கை வேலியில் நிற்கிறது. வாழைத்தண்டு, சுரைக்காய், பப்பாளிக்காய், முட்டை. என் மாணவன் வீட்டில் அரிசி ரேஷனில் சும்மா கிடைக்கிறது, காய்க்குத்தான் காசு, அது எனக்குத் தெரியும். 'அரிசியைக் குறை' என்று சொல்பவர்கள், குறைத்த இடத்தில் அவன் எதைப் போடுவான் என்று சொல்லாமல் போகிறார்கள். இலவச அரிசியோடு இன்னும் ஒரு கிலோ பயறு சேர்த்துக் கொடுத்தால் இந்த மாநிலத்துக்கு எத்தனை கால் விரல் மிஞ்சும் என்று ஆட்சியில் இருப்பவர்களைக் கேட்கிறேன். எந்தக் கட்சி ஆட்சி என்பது எனக்கு முக்கியமில்லை.

'எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் தின்னார்' என்று ஒருவர் எழுதுவார். உங்கள் தாத்தா ஏர் ஓட்டினார். நீங்கள் டூவீலர் ஓட்டுகிறீர்கள். அடுத்த கேள்வி.

நடையைப் பற்றி ஒன்று. விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, வழியில் ரெண்டு வடையும் டீயும் சாப்பிட்டு வருகிற கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பதினைந்து நிமிஷம் நடக்கிறேன். தெருமுனை வரை, திரும்பி, மறுபடி. வேலை செய்கிற தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் ஏறுகிற ஏற்றத்தை அது தட்டி வைக்கிறது. நம்பாதவர்கள் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு நாள் நடந்தும் ஒரு நாள் நடக்காமலும் ஒன்றரை மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். நான் குத்திப் பார்த்தேன். ஒரே சாப்பாடு, எனக்கு 40-க்கு மேல் வித்தியாசம்.

எட்டு மாதத்தில் என் ஹெச்பிஏ1சி 6.8-க்கு வந்தது. டாக்டர் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். டாக்டர் நிறுத்தினார், நான் நிறுத்தவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மேலே இவ்வளவு எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் நிறுத்திய மாத்திரை கிளிமிபிரைடு. சோற்றைக் குறைத்துவிட்டு அந்த வகை மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். எனக்கு ஒரு நாள் இறங்கியது. பேங்க் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, கவுண்டரில் இருந்த பெண் பேசியது காதில் விழவில்லை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துத்தான் நிமிர்ந்தேன். ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு நாளை முதல் சோற்றைப் பாதியாக்கப் போகிறவர்கள் முதலில் உங்கள் மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். என் பேச்சைக் கேட்டு இனி யாரும் எதுவும் ஆகக்கூடாது.

கொத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். ஆணி குத்தியது ஏன் தெரியவில்லை என்று பலருக்குப் புரிவதில்லை. சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே கிடந்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகின்றன. வலி என்பது காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் திருடன் வந்துபோனதே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்துவிடுவதால் புண் ஆறாது. 'எனக்கு ஒண்ணும் பண்ணல சார், நல்லாத்தான் இருந்தேன்' என்றான் அவன். ஏழு மாதமும் நன்றாகத்தான் இருந்திருக்கிறான். அதனால்தான் பொடி வேலை செய்கிறது என்று நம்பியிருக்கிறான். பொடி விற்பவனின் பிழைப்பே இந்த வலியின்மையில்தான் ஓடுகிறது. வலிக்கிற நோயாக இருந்தால் மூன்றாம் நாளே டப்பாவை அவன் முகத்தில் எறிந்திருப்பார்கள்.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்னது. விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். இத்தனை பேர் கையிலும் போன் இருக்கிறது. நம்மை மாதிரி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்தான் அதில் அதிகம் அனுப்புகிறோம். நமக்கு நேரம் இருக்கிறது, நம் பெயருக்கு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையைத்தான் பொடிக்காரன் இலவசமாக வாடகைக்கு எடுத்துக்கொள்கிறான். சக ஆசிரியர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். எனக்குத் தினமும் வரும் மெசேஜ்களில் பாதி உங்களிடமிருந்து வருகிறது. கோபம் வந்தால் வரட்டும்.

குரூப்பில் திருத்தம் போட்டுவிட்டேன். 'போன வருஷம் நான் அனுப்பியது தவறு, யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், நிறுத்தியவர்கள் உடனே டாக்டரைப் பாருங்கள்' என்று. பழைய மெசேஜுக்கு 43 கட்டைவிரல். திருத்தத்துக்கு நாலு. ஒருவர் 'சார், உங்களையும் விலைக்கு வாங்கிட்டாங்களா?' என்று கேட்டிருந்தார். அவரும் என் மாணவர்தான்.

தராசை அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். அவன் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் எழுதிக்கொண்டு வருகிறாள், எனக்குக்கூட அவ்வளவு சுத்தமாக எழுத வராது. இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறான். நேற்று வெறும் வயிற்றில் 138. புண் ஆறிக்கொண்டிருக்கிறது. கட்டு பிரித்ததும் அவனை எம்.சி.ஆர். செருப்பு வாங்க அழைத்துப்போக வேண்டும், வேலையில் வெறுங்காலோடு நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செருப்போடு சாரத்தில் ஏறிப் பழக்கமில்லை என்று முனகுகிறான்.

கமெண்டில் பொடி, கஷாயம், லிங்க், போன் நம்பர் போடுகிறவர்களை பிளாக் செய்துவிடுவேன். சந்தேகம் இருப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரை பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.